இரத்தக்கிரயமும் காணிக்கைப் பெட்டியும்

யூதாஸ் எறிந்துவிட்டுப் போன 30 வெள்ளிக்காசைப் பொறுக்கியெடுத்த பிரதான ஆசாரியர்கள், அதை என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். இரத்தக்கிரயத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று முடிவுசெய்து, குயவனுடைய நிலத்தை வாங்கி, அதை அந்நியரைப் புதைக்கும் இடமாக்கினார்கள். மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில் வரும் இந்தச் செய்தியை நாம் பெரும்பாலும் அவர்களுடைய மாய்மாலத்துக்குச் சான்றாகவே வாசிக்கிறோம். அந்தக் காசை எண்ணிக் கொடுத்தவர்களே அவர்கள்தானே என்று கேட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். ஆனால் சபையின் பணத்தைக் கையாளும் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய இரண்டு உண்மைகள் அங்கே இருக்கின்றன. பணம் வந்த வழி அந்தப் பணத்தை விட்டு நீங்குவதில்லை என்பது முதலாவது; குற்றம் செய்தவர்களுக்கே அது தெரிந்திருந்தது. பெட்டியை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டால் கை சுத்தமாகிவிடாது என்பது இரண்டாவது. ஆயுதத்தால் வரும் லாபத்தைத் திருச்சபைகள் தொடக்கூடாது என்று வாதாடும் இந்தக் கட்டுரை முதல் உண்மையில் தொடங்கி இரண்டாவதில் வந்து நிற்கிறது. நுவரெலியா, ஹட்டன் மலைகளிலிருந்து பார்க்கும்போது அந்த இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

போரினால் வரும் லாபம் சபைக்கு ஆகாது என்ற எண்ணம் புதியதல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, பணத்தின் பயன்பாடு பற்றிய தம் பிரசங்கத்தில், உழைத்துச் சம்பாதிக்கச் சொன்ன கையோடு, அயலானின் உடலையோ உடைமையையோ ஆன்மாவையோ கெடுத்துச் சம்பாதிக்கலாகாது என்று எல்லையும் வகுத்தார். வியட்நாமில் நேபாம் தீக்குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், தங்கள் பணம் அவற்றைச் செய்யும் தொழிலுக்குத் துணைபோகக் கூடாது என்று நினைத்த அமெரிக்க மெதடிஸ்தர்கள் 1971இல் பாக்ஸ் வேர்ல்ட் என்ற முதலீட்டு நிதியை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு, உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்திய குழு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கூடி, தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியோடு தொழில் நடத்தும் கம்பனிகளிலிருந்து தன் பணத்தை மீட்டெடுக்கத் தீர்மானித்தது. இங்கிலாந்துத் திருச்சபை, வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் போர்த்தளவாடங்களிலிருந்து பெறும் கம்பனிகளை விலக்குகிறது. கத்தோலிக்கத் தரப்பில், சமூக அறிவியல்களுக்கான பாப்பிறைக் கழகம் 2022 நவம்பரில் ‘மென்சூராம் போனாம்’ என்ற முதலீட்டு வழிகாட்டியை வெளியிட்டு, ஆயுதத்தை விலக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜூனில் இத்தாலியின் தூரின் நகரத்து இளைஞரிடம் பேசியபோது, கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு ஆயுத உற்பத்தியில் பணம் போடுகிறவர்களின் இரட்டை வேடத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதெல்லாம் மேற்கு நாட்டுச் சபைகளின் கவலை, கொழும்புப் பங்குச்சந்தையில் ஆயுதக் கம்பனியா இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். உற்பத்தி இங்கே இல்லை. ஆனால் உற்பத்தியான பொருள் வந்து விழுந்த இடம் இது. 1995 ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சுற்றிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டுகள் போடப்பட்டு 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போட்டது புக்காரா ரக விமானம் என்று அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. ஆர்ஜென்டினாவில் கட்டப்பட்ட அந்த விமானம் பறந்தது பிரான்சில் வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தின் வலுவில். 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது எறிகணை விழுந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். இந்தப் பட்டியலில் மலையகமும் இருக்கிறது. 1977இலும் 1983இலும் நடந்த இன வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 2009இன் இறுதிப் போரில் அகப்பட்டார்கள். ஒரு விமானம் பல நாட்டுக் கம்பனிகளின் உதிரிப்பாகங்களால் ஆனது. அந்தக் கம்பனிகளின் பங்குகள் முதியோர் ஓய்வூதிய நிதிகளிலும் அறக்கட்டளைகளிலும் சபைகளின் கணக்குகளிலும் அமைதியாகக் கிடக்கின்றன. பங்கு வைத்திருப்பவர் குண்டைப் பார்ப்பதில்லை. குண்டுக்குக் கீழே நிற்பவர் பங்குதாரரைப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு மனிதரையும் ஒருவருக்கொருவர் காட்டுகிற வேலையைச் செய்ய வேண்டிய இடம் திருச்சபை. ஏனென்றால் இருவருமே அதன் அங்கத்தவர்களாக இருக்கக்கூடும்.

அப்படிக் காட்டும்போது எந்தத் தரப்பின் ஆயுதம் என்று சபை பிரித்துப் பார்க்க முடியாது. விடுதலைப் புலிகளும் வெளிநாட்டுத் தமிழரிடம் சேர்த்த பணத்தைக் கொண்டு உலகச் சந்தையில் ஆயுதம் வாங்கினார்கள். 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் இறந்த சுமார் 90 பேரில் அன்றாட வேலைக்கு வந்த எழுதுவினைஞரும் தெருவில் போனவரும் இருந்தார்கள். ஆயுத லாபத்துக்கு எதிரான அறம் இனத்துக்கோ கொடிக்கோ தக்கபடி வளையுமானால், அது அரசியலாக இருக்கலாம், விசுவாசமாக இருக்க முடியாது. நவாலிக்காக அழுகிற சபை மத்திய வங்கிக்காகவும் அழ வேண்டும். இரண்டு அழுகைக்கும் அடியில் இருக்கிற பணத்தின் பாதையை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்.

மலையகம் இந்த விவாதத்துக்குக் கொண்டுவரும் முதல் பாடம், பணம் நாவைக் கட்டிப்போடும் என்பது. 1854இல் கோப்பித் தோட்டத் துரைமாரின் முயற்சியாலும் சந்தாப் பணத்தாலும் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. சர்ச் மிஷனரி சங்கம் அதற்குக் குருமாரைத் தந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், லயங்களில் ஜெபம் செய்தார்கள், எழுத்தறிவித்தார்கள். அந்தச் சேவையைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அது நடந்த காலம் எது? மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியாக நடத்திக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மடிந்த காலம்; கடன் துண்டும் கங்காணியும் மனிதரைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்திருந்த காலம். லயத்துக்குள் நுழையவே துரையின் அனுமதி வேண்டியிருந்த ஒரு மிஷன், அவருடைய சந்தாவில் விளக்கெரித்த ஒரு மிஷன், அவருடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அது தனிமனிதரின் கோழைத்தனம் அல்ல. அந்தப் பண ஏற்பாட்டின் இயல்பு. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றவர்களிடமிருந்து வேறு குரல் எழுந்ததையும் இதே மலைநாடு கண்டிருக்கிறது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்யோதய நிலையமும், 1974இல் உருவான பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகமும், தோட்ட மக்களின் பசியையும் குடியுரிமையையும் சம்பளத்தையும் திருச்சபையின் கேள்வியாக்கின. துரையின் சந்தா தேவைப்படாத இடத்தில் அந்தச் சொல் பிறந்தது.

அதே ஆண்டுகள் இன்னொன்றையும் காட்டின. 1973, 74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1973இல் இலங்கைத் தோட்ட லயங்களின் நிலையைப் படமெடுத்துக் காட்டியபோது, தாங்கள் காலையில் குடிக்கும் தேநீரின் பின்னால் இருந்த எலும்புந்தோலுமான குழந்தைகளை அந்நாட்டு மக்கள் முதன்முறையாகப் பார்த்து அதிர்ந்தார்கள். தோட்டங்களை நடத்திய பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பனிகளின் பங்குதாரர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களில் ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆண்டுதோறும் வந்த பங்கிலாபச் சீட்டில் பசியைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆயுதக் கம்பனியின் பங்குதாரருக்கும் இதுவே நிலைமை. தூரம் மனிதரை அறியாமையில் வைக்கிறது. அந்த அறியாமையில் பணம் வசதியாக வளர்கிறது. அறநெறி முதலீடு என்பது முதற்கண் இந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சி.

ஆயுதமும் தேயிலையும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையா என்பது அடுத்த கேள்வி. வைக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை இவ்விவாதத்தின் அச்சாணி என்றே சொல்லலாம். தேயிலையில் தீங்கு, செய்யும் முறையில் இருக்கிறது. நியாயமான சம்பளத்தோடும் சொந்த வீட்டோடும் மதிப்போடும் கொழுந்து பறிக்க முடியும். அப்படிப் பறித்த தேயிலை நல்ல பொருள். கண்ணிவெடியிலும் கொத்துக்குண்டிலும் தீங்கு பொருளிலேயே இருக்கிறது. எத்தனை நல்ல சம்பளம் கொடுத்துச் செய்தாலும், வடிவமைத்தபடியே அது பயன்படும்போது ஒரு பிள்ளையின் கால் போகிறது. ஆகவே சபையின் கடமையும் இரண்டு விதமாகிறது. பொருளே தீங்காக இருக்கும் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். முறை தீங்காக இருக்கும் இடத்தில், முடிந்தவரை உள்ளே நின்று திருத்தப் போராட வேண்டும். பொகவந்தலாவ, தலவாக்கலை, மஸ்கெலியா, வட்டவளை என்ற ஊர்ப்பெயர்களைத் தாங்கிய பெருந்தோட்டக் கம்பனிகள் கொழும்புப் பங்குச்சந்தையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பங்கை வைத்திருக்கும் எந்தச் சபைக்கும் அதை விற்றுவிட்டுக் கைகழுவுவது போதுமான பதிலாகாது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக உயர்ந்தபோதும், 2024இல் அதை மேலும் உயர்த்த அரசு முனைந்தபோதும், கம்பனிகள் நீதிமன்றம் போயின. பங்குதாரரின் பெயரால்தான் அந்த எதிர்ப்பு நடந்தது. அந்தப் பங்குதாரரில் ஒருவர் சபையாக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, சம்பளம் உயர்வதை நாங்கள் எதிர்க்கவில்லை, எங்கள் பெயரால் எதிர்க்காதீர்கள் என்று சொல்லும் உரிமை அதற்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் பங்கிலாபத்தை மட்டும் வாங்குவது, 1854இன் மௌனத்தை மறுபடியும் தேர்ந்தெடுப்பது.

உள்ளே நின்று பேசுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தமிழர் அறிந்த ஒரு கம்பனியின் கதையே காட்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைட் தோண்ட முனைந்த வேதாந்தா கம்பனியில் இங்கிலாந்துத் திருச்சபைக்குப் பங்கு இருந்தது. டொங்ரியா கோந்து பழங்குடியினரின் உரிமை குறித்து அத்திருச்சபை நிர்வாகத்தோடு பேசிப் பார்த்தது; நம்பிக்கை தரும் பதில் வராதபோது 2010 பெப்ரவரியில் பங்கை விற்று வெளியேறியது. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. அதே கம்பனிக் குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் 2018 மே மாதம் மக்கள் திரண்டபோது பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சபை விற்றதால் நியம்கிரி காப்பாற்றப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. மலையைக் காப்பாற்றியவர்கள் அந்த மலையின் மக்கள். ஆனால் கேட்டு, காத்திருந்து, பதில் வராதபோது வெளியேறுவது என்ற வரிசை சரியானது. பேச்சுவார்த்தை முடிவற்ற சாக்காக மாறாமலிருக்க, அதற்கு ஒரு கால எல்லை வேண்டும்.

எதிர்வாதங்களில் மிகவும் மனிதத்தன்மை உள்ளது இது: சபையின் நிதி சபையின் சொந்தப் பணமல்ல, ஓய்வுபெற்ற குருமாருக்கும், இறந்த குருமாரின் விதவைகளுக்கும், அநாதைப் பிள்ளைகளுக்கும் உரியது, அதில் வருமானத்தைக் குறைத்துக்கொள்ளப் பொறுப்பாளருக்கு உரிமை இல்லை. இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒக்ஸ்போர்ட் ஆயர் ரிச்சர்ட் ஹரிஸ், முதலீட்டில் கிறிஸ்தவ நோக்கத்தை முன்வைக்க வேண்டும் என்று கோரி, தம் திருச்சபையின் நிதியை நிர்வகிக்கும் ஆணையாளர்கள்மீதே வழக்குத் தொடுத்தார். 1991இல் நீதிபதி டொனால்ட் நிக்கல்ஸ் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. நல்ல வருமானம் தேடுவதே பொறுப்பாளரின் பொதுக் கடமை என்றார். ஆயினும் அறநிலையத்தின் நோக்கத்தோடு நேராக மோதும் முதலீட்டை விலக்கலாம் என்று அதே தீர்ப்பில் விளக்கி, புற்றுநோய் ஆய்வு நிதி புகையிலைப் பங்கையும் போரை மறுக்கும் குவேக்கர் சபையின் நிதி ஆயுதப் பங்கையும் தவிர்ப்பதை எடுத்துக்காட்டாகத் தந்தார். 2022இல் இன்னொரு வழக்கில் அங்குள்ள உயர் நீதிமன்றம் பொறுப்பாளர்களின் விருப்புரிமையை இன்னும் விரிவாக விளக்கியது. இலங்கையின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் 1917இல், ஆங்கிலேயர் ஆட்சியில், பிறந்தது; அந்த நீதிமன்றங்களின் சொல் இங்கே கட்டளை ஆகாவிட்டாலும் வழிகாட்டும். சட்டத்தைவிட ஆழமான பதில் வரலாற்றில் இருக்கிறது. ஏழைக் குருமாரைத் தாங்குவதற்கென்றே 1704இல் இங்கிலாந்தில் ஆன் அரசியின் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த நிதி ஆபிரிக்கரை அடிமைகளாகக் கப்பலேற்றிய சவுத் சீ கம்பனியில் பணம் போட்டிருந்தது. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரியில், அத்திருச்சபை அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு 10 கோடி பவுண் நிதி ஒதுக்க வேண்டியதாயிற்று. விதவையின் ஓய்வூதியத்தை இன்னொரு விதவையின் கண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர் முதல் விதவைக்கும் மரியாதை செய்யவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கொள்கை சார்ந்தது. நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் வேண்டும். அகுஸ்தீனும் தோமஸ் அக்குவினாசும் நியாயமான போர் உண்டென்று ஏற்றிருக்கிறார்கள். 2022இல் உக்ரேன் மீது படையெடுப்பு நடந்தபின் ஐரோப்பாவில் ஆயுத முதலீடே அறம் என்று சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். தற்காப்பின் தேவையை இந்தக் கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் நியாயமான போர் என்ற மரபு போரை ஒரு துயரமான கட்டாயமாகத்தான் அனுமதித்தது. வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு, வேண்டிய அளவுக்குமேல் ஒரு அம்புகூட எய்யாமல், சமாதானம் திரும்பிய கணமே கீழே வைக்க வேண்டியது அந்த வாள். பங்குச்சந்தை இயங்கும் விதம் இதற்கு நேரெதிர். பதற்றம் கூடினால் ஆயுதப் பங்கின் விலை ஏறும். சமாதான உடன்படிக்கை கையெழுத்தானால் விலை இறங்கும். அளவோடு நிற்பது அங்கே நட்டக் கணக்கு. ஞாயிறு காலையில் சமாதானத்துக்காக ஜெபித்துவிட்டு, அந்த ஜெபம் கேட்கப்பட்டால் குறைந்துபோகும் வருமானத்தில் சபை வாழ முடியாது. இராணுவத்துக்குச் சம்பளம் கொடுப்பது அரசின் வேலை, குடிமக்களின் வரியால். அந்த வேலை நடப்பதற்குச் சபை லாபம் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

எங்கள் சபையின் சில இலட்சம் ரூபா உலக ஆயுதச் சந்தையை அசைக்குமா, நாம் விற்றால் இன்னொருவர் வாங்குவார், அவ்வளவுதானே என்பது மூன்றாவது எதிர்வாதம். விலையைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் விலக்குதல் விலையைக் குறைக்கும் தந்திரம் மட்டும் அல்ல. எது வெட்கத்துக்குரியது என்று ஊருக்குச் சொல்லும் சாட்சி. நோர்வேயின் அரச ஓய்வூதிய நிதி 2005இல் கொத்துக்குண்டு உற்பத்தியோடு தொடர்புடைய பெரிய கம்பனிகளை விலக்கியபோது, அந்தக் குண்டுகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. 2008இல் அது வந்தது. போரில் கண்ணிவெடிகளால் அங்கவீனரானவர்களை ஆயிரக்கணக்கில் கொண்ட இலங்கை, 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் 2018இல் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. முதலீட்டாளரின் மனச்சாட்சி தனியாக இந்தச் சட்டங்களை உருவாக்கவில்லை. கால் இழந்தவர்களும் அவர்களோடு நின்ற இயக்கங்களும் உருவாக்கினார்கள். ஆனால் கண்ணியமான பணம் தொடாத பொருள் என்ற பெயர் ஒன்றுக்கு வந்துவிட்டால், அதைத் தடைசெய்வது அரசுகளுக்கு எளிதாகிறது.

கடைசி எதிர்வாதம்தான் இலங்கைச் சபைகளை நேராகத் தொடுகிறது. இங்கே பணம் வைப்பதற்குரிய வழக்கமான இடங்கள் வங்கியின் நிலையான வைப்பும் திறைசேரி உண்டியலும் முறியும். திறைசேரிக்குக் கடனாகக் கொடுத்த பணம் ஆஸ்பத்திரிக்கும் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும், போர் நடந்தபோது குண்டுக்கும் போனது. தோட்டத் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியும் பெருமளவில் அரச கடன்பத்திரங்களிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தரும் தேயிலை ஏற்றுமதியின் அந்நியச் செலாவணியும் அதே பொதுப் பெட்டிக்குள்தான் போகிறது. வன்னியில் உறவினரைப் பறிகொடுத்த பெண் பறித்த கொழுந்துகூட, அந்த உறவினர்மீது விழுந்த எறிகணையின் விலையில் ஒரு துளியாகச் சேர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் யார்தான் சுத்தம், எதை விலக்கி என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது. இதற்குத் திருச்சபையின் ஒழுக்கவியல் மரபிலேயே விடை உண்டு. தீமைக்கு உடந்தையாவதில் நெருக்கமும் தூரமும் உண்டு என்று அது பிரித்துப் பார்க்கிறது. தீமை நடக்க வேண்டும் என்று விரும்பித் துணைபோவது ஒன்று. தவிர்க்க முடியாத வாழ்க்கை ஏற்பாட்டில் தூரத்திலிருந்து சிக்கிக்கொள்வது வேறொன்று. கொழுந்து பறித்தவருக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. அவர்மீது பழி இல்லை. ஆயுதப் பங்கைத் தேர்ந்து வாங்குகிறவருக்குத் தெரிவு இருந்தது. திறைசேரி உண்டியல் வாங்கும் சபை நடுவில் நிற்கிறது: அதன் உடந்தை தூரத்தது, ஆனால் இல்லாதது அல்ல. தூரத்து உடந்தை உள்ளவருக்கு உரிய கடமை பேசுவது. இராணுவத்தின் ஆட்பலத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசு 2023இல் அறிவித்தது. கடன் கொடுத்தவர் என்ற தகுதியோடு திருச்சபைகள் அந்த வாக்கை நினைவூட்டலாம்; மிச்சமாகும் பணம் தோட்டத்து வைத்தியசாலைக்கும் பள்ளிக்கும் வர வேண்டும் என்று கேட்கலாம். முழுத் தூய்மை கிடைக்காது என்பது கிடைக்கக்கூடிய தூய்மையைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

இந்தக் கேள்வியில் கிறிஸ்தவர்கள் தனியாக இல்லை என்பது இந்த நாட்டின் பேறு. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களைப் புத்தர் அங்குத்தர நிகாயத்தில் சொல்கிறார். அவற்றில் முதலாவது ஆயுத வியாபாரம், மற்றவை மனிதர், இறைச்சி, மது, நஞ்சு. பொருள் தேடுவதைப் புகழ்ந்து பேசும் வள்ளுவரும் இரக்கமில்லாமல் சேரும் செல்வத்தை ஏற்க வேண்டாம் என்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோவிலும் ஹட்டன் நகரத்து விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் இந்த ஒரு விடயத்தில் சேர்ந்து பேச முடியும். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபவனியில் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னின்று உழைத்தது. மக்களின் பாதையில் காலால் நடக்கத் துணிந்த சபைகளுக்கு, அடுத்ததாகத் தங்கள் பணம் நடக்கும் பாதையைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு இருக்கிறது.

அதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. முதலாவதாக, ஒவ்வொரு மறைமாவட்டமும் திருச்சபை மாவட்டமும் தன் நிதி எந்த வங்கியில், எந்தக் கடன்பத்திரத்தில், எந்தக் கம்பனியில் இருக்கிறது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்க வேண்டும். இரண்டாவதாக, ஆயுதத்துக்கு இடமில்லை என்ற விதியை எழுத்தில் வைக்க வேண்டும். கண்ணிவெடி, கொத்துக்குண்டு போன்றவற்றுக்கு 10 சதவீதம் என்ற சலுகைகூடக் கிடையாது. வெளிநாட்டுச் சபைகளிலிருந்து உதவி வரும்போது அது எந்த முதலீட்டின் கனி என்று மரியாதையோடு கேட்க வேண்டும். மூன்றாவதாக, தோட்டக் கம்பனிப் பங்கு இருந்தால் பொதுக்கூட்டத்துக்கு ஆளனுப்பி, சம்பளம், சேமலாப நிதிக் கட்டணம், வீட்டுக்கான 7 பேர்ச்சஸ் காணி ஆகியவை பற்றிக் கேட்டு, பதிலுக்குக் காலக்கெடு வைக்க வேண்டும். நான்காவதாக, நிதியில் ஒரு பங்கை மலையக மக்களின் சிக்கன, கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அவர்களுக்கே திருப்ப வேண்டும். இவற்றை மேற்பார்வை செய்யும் குழுவில் கணக்காளரோடும் குருவானவரோடும் கொழுந்து பறிக்கும் பெண்களும் அமர வேண்டும். தன் நாட்சம்பளத்திலிருந்து காணிக்கை போடுகிறவருக்கு, அந்தக் காணிக்கை என்ன ஆகிறது என்று கேட்கும் உரிமை பெருந்தொகை கொடுப்பவரைவிடக் குறைந்ததல்ல.

ஆயுதத்தை விலக்குவது இந்த ஒழுங்கின் முதல் படி; அதை எடுத்துவிட்டு நின்றுவிடுகிற சபை, பெட்டியைச் சுத்தப்படுத்திக் கையை மறந்த ஆசாரியரைவிட அதிகம் செய்ததாகாது. அடுத்த படி, வாழும் மக்களின் உழைப்பிலிருந்து வரும் லாபத்தையும் அதே கண்டிப்போடு விசாரிப்பது. மலைநாட்டுச் சபைகளின் சொத்து சிறியது என்பது இதைத் தள்ளிப்போடக் காரணமல்ல. சிறிய கணக்கை முழுதாகத் திறந்து காட்டுவது எளிது. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, இந்த வருமானம் யாருடைய வாழ்விலிருந்து வந்தது என்று ஒரு சபையார் எழுந்து கேட்டால், பொருளாளர் அதற்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படிப் பதில் சொல்ல முடியாத வருமானத்தை, அது எத்தனை பேருக்கு உதவினாலும், விட்டுவிடும் துணிவு அந்தச் சபைக்கு வேண்டும்.